மலிவு விலை தமிழில் சரி, ஆங்கிலத்தில் இல்லை

'த ப்ரைஸ் இஸ் வெரி சீப்.' சென்னையில் கொட்டேஷனோ கடை மெயிலோ, எதைத் திறந்தாலும் இது இருக்கும். 'மலிவு விலை' என்று பேசிப் பழகிய வாய்க்கு இதில் தப்பே தெரியாது. ஆங்கிலத்தில் 'சீப்', 'எக்ஸ்பென்சிவ்' இரண்டும் பொருளுக்கு. விலைக்கு 'லோ', 'ஹை'. தக்காளி சீப், தக்காளி விலை லோ. ஒப்பிட்டால் 'சீப்பர்', 'லோயர்'. 'மோர் சீப்பர்' கூடவே கூடாது. அழுத்தம் வேண்டுமென்றால் 'மச் சீப்பர்'.

அடுத்து 'தேன்' (நக்குகிற தேன் அல்ல, 'விட' என்கிற தேன்). 'கோயம்பேட்டில் தக்காளி விலை மயிலாப்பூரை விடக் கம்மி' என்றால் நமக்குப் புரிந்துவிடும். அப்படியே 'லோயர் தேன் மயிலாப்பூர்' என்று எழுதினால், விலையை ஒரு பேட்டையோடு ஒப்பிட்டதாகிவிடும். 'லோயர் தேன் இன் மயிலாப்பூர்' என்று ஒரு 'இன்' சேர்த்தால் தீர்ந்தது. இரண்டு பொருள்களின் விலை என்றால் 'தேன் தட் ஆஃப்'.

நிறையப் பேர் சறுக்குவது கணக்கில்தான். கோயம்பேட்டில் கிலோ 20 ரூபாய், மயிலாப்பூரில் 30 என்று வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர் விலை 50 சதவீதம் 'ஹையர்'. திருப்பிச் சொன்னால் கோயம்பேடு 50 சதவீதம் 'லோயர்' ஆகாது, சுமார் 33 தான். 'தேன்' என்பதற்குப் பின்னால் எது வருகிறதோ அதுதான் நூறு.

அந்த 30, 20-ன் ஒன்றரை மடங்கு. இதற்கு 'ஒன் அண்ட் எ ஹாஃப் டைம்ஸ் த ப்ரைஸ்' போதும். 'டைம்ஸ் மோர்' என்று எழுதினால், 20-ஓடு இன்னொரு 30 கூட்டி 50 என்று கணக்குப் போடுகிறவரும் உண்டு. 'த்ரீ டைம்ஸ் சீப்பர்' அதைவிட மோசம்: 90 ரூபாயிலிருந்து அதன் மூன்று மடங்கை எப்படிக் கழிப்பது? 30 ரூபாய் என்பதுதான் எண்ணமென்றால் 'எ தேர்ட் ஆஃப் த ப்ரைஸ்'.

கடைசியாக 'பை', 'டு'. '500 ரூபாய் குறைத்தோம்' என்றால் 'ரிட்யூஸ்ட் பை'. '500 ரூபாய்க்குக் குறைத்தோம்' என்றால் 'ரிட்யூஸ்ட் டு'. நம் 'க்கு' செய்கிற வேலையை அங்கே 'டு' செய்கிறது. 1,500 ரூபாய் கொட்டேஷனில் 'பை' போட வேண்டிய இடத்தில் 'டு' போட்டு அனுப்பினால், வாங்குகிறவர் 500 ரூபாயைத்தான் நீட்டுவார்.