வாயா, உதடா?

பிராக் நகரத்தில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர் வேலை. செக் நாட்டவர் தவிர உக்ரேனியர், ரஷ்யர், போலந்துக்காரர், செர்பியர் என்று பலரும் வருவார்கள். எல்லாருடையதும் ஸ்லாவிய மொழிதான். ஆனால் 'வாயைத் திறங்கள்' என்பதிலேயே பிரிந்துவிடுவார்கள். செக்கில் வாய் ஊஸ்தா; போலிஷ், செர்பியனில் உஸ்தா. ரஷ்யருக்கும் உக்ரேனியருக்கும் ரோத். ரஷ்யரிடம் உஸ்தா என்றால் புரியும், ஆனால் அவர் சிரிப்பார். அங்கே அது கவிதையில் மிஞ்சியிருக்கும் பழஞ்சொல். பல் பிடுங்க வந்தவரிடம் 'திருவாய் மலர்ந்தருள்க' என்ற மாதிரி.

ரோத் முதலில் பறவையின் அலகையும் விலங்கின் மூஞ்சியையும் குறித்த சொல். கிழக்கே அது வாயானது. செர்பியனில் கடலுக்குள் நீளும் நிலமுனை. செக்கில் ரெத் என்றால் உதடு. தொல்லை இங்கேதான். ஊசி போட்டதும் டாக்டர், "ரெத் மரத்துப்போகும்" என்பார். ஊருக்குப் புதிதாய் வந்த உக்ரேனியர் வாய் முழுக்கப் போய்விடுமோ என்று மிரள்வார். முகக்கவசம் போட்டிருப்பதால் என் உதட்டைக் காட்டவும் முடியாது. கையுறை விரலால் அவருடைய கீழுதட்டைத் தொட்டுக் காட்டுவேன். "ஓ, ஹுபா!" என்று மூச்சு விடுவார்.

உக்ரேனியனில் ஹுபா சாதுவான சொல், உதடு. செக்கில் அதே ஒலி வாய்க்கான முரட்டுச் சொல். 'வாயை மூடு' என்று அதட்டும்போது வருவது. உடன் வேலை செய்யும் உக்ரேனியப் பெண் ஒருமுறை வயதான செக் அம்மா ஒருவரிடம், "ஹுபா வலிக்கிறதா?" என்று பரிவாகத்தான் கேட்டாள். அந்த அம்மா கழுத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு எழுந்தே விட்டார். சமாதானம் செய்து உட்கார வைக்க டாக்டரே வர வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அந்தச் சொல்லின் வேர் காளான். செக்கில் காளானுக்கு இன்றும் ஹௌபா என்றுதான் பெயர். மெத்தென்று உப்பியிருப்பதால் உதட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

உஸ்தாவுக்கு ஒருமையே கிடையாது, எப்போதும் பன்மை. சமஸ்கிருத ஓஷ்டம், அதாவது உதடு, இதற்கு உறவு. உதடு ஒட்டாமல் பாடும் நம் நிரோட்டகச் செய்யுளின் பெயருக்குள் இருப்பதும் அந்த ஓஷ்டம்தான். ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் சில மணி நேரம் ப, ம சரியாக வராது. அடுத்த தேதி கேட்டு அவர்கள் முனகுவதைப் புரிந்துகொள்ள வரவேற்பு மேசையில் எப்போதும் ஒரு தாளும் பேனாவும் வைத்திருக்கிறோம்.