பிஎஸ்எல்-3 ஆண்டுச் சோதனை: ஒரு காஸ்கெட்டுக்காகப் பட்ட பாடு

ஒருவழியாக முடிந்தது. எங்களுடையது பிஎஸ்எல்-3 ஆய்வகம், அதாவது காற்றில் பரவக்கூடிய ஆபத்தான கிருமிகளைக் கையாளும் உயர் பாதுகாப்பு ஆய்வகம். இந்த வருட மறுசரிபார்ப்பு அறிக்கை கையெழுத்தாகி அது திரும்பத் திறந்தாயிற்று. குளிர்காலத்துக்கு முன்னால் முடிந்ததே என்ற நிம்மதி ஒரு பக்கம், இதற்கு இவ்வளவு அலைச்சல் தேவையா என்ற கோபம் இன்னொரு பக்கம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு உபயோகப்படும்.

நான் கால்நடை மருத்துவர். நாமக்கல்லில் படித்தவள், இப்போது வட இந்தியாவில் ஒரு விலங்கு நோய் ஆய்வகத்தில் பயோசேஃப்டி மேலாளர், அதாவது கிருமி வெளியே போகாமல் பார்த்துக்கொள்பவள். எங்களுக்கு முக்கிய வேலை பறவைக் காய்ச்சல். நெகட்டிவ் பிரஷர் (காற்று வெளியே கசியாமல் உள்நோக்கியே போகும்படி அறையின் அழுத்தத்தைக் குறைத்து வைப்பது), ஏர்லாக் (ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும் திறக்கும் இடைவழி), ஷவர் அவுட் (குளித்துவிட்டுத்தான் வெளியே வருவது) பற்றி இதற்கு மேல் விளக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், மனித நோய் ஆய்வகங்களிலிருந்து மாறி வருபவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். அங்கே வைரஸைக் கையாளும் வேலையெல்லாம் கேபினெட்டுக்குள் (காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டி) நடக்கும், அறை என்பது இரண்டாவது வேலி. விலங்கு அறையில் அப்படி இல்லை. மாட்டையோ பன்றியையோ கேபினெட்டுக்குள் வைக்க முடியாது, அது மூச்சு விடும், தும்மும், சாணம் போடும், அத்தனையும் அறையிலேயே. அதனால் அறைதான் முதல் வேலி. சுவர், கதவு, வடிகால், மேலே போகும் காற்றுக்குழாய் என்று எங்கே ஓட்டை விழுந்தாலும் அது நேராக வெளியே போகும் வழி. ஆண்டுச் சோதனையில் நாங்கள் கறாராக இருப்பதற்கு இதுதான் காரணம்.

கோடையில் வேலையை நிறுத்தினோம். விலங்குகள் இல்லை, வைரஸ் இருப்பு பூட்டி முத்திரை வைத்தாயிற்று, ஹைட்ரஜன் பெராக்சைடு வாயு விட்டு எல்லா அறைகளையும் சுத்திகரித்தோம், மூலைகளில் வைத்த ஜியோபேசில்லஸ் ஸ்போர் பட்டைகள் (எளிதில் சாகாத பாக்டீரியா வித்துகள் தடவிய சோதனைத் தாள்கள்) ஒன்றில்கூட எதுவும் வளரவில்லை, அதாவது சுத்திகரிப்பு சரியாக நடந்திருக்கிறது. இதுவரை எந்தப் பிரச்சினையும் இல்லை.

பிரச்சினை ஹெப்பா ஃபில்டர் (காற்றிலுள்ள மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் வடிகட்டி) சோதனையில் ஆரம்பித்தது. ஃபில்டருக்கு முன்னால் பிஏஓ என்ற எண்ணெய்ப் புகையை விட்டு, பின்பக்கம் போட்டோமீட்டர் என்ற புகை அளக்கும் கருவியின் முனையால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பார்கள். முன்னால் இருக்கும் புகையில் 0.01 சதவீதத்துக்கு மேல் பின்னால் எங்காவது தெரிந்தால் அது கசிவு. இவ்வளவு நுட்பமான அளவை ஒரு கருவியை நம்பித்தான் எடுக்கிறோம், அந்தக் கருவி சரியாக இருப்பதற்கு ஒரே அத்தாட்சி அதன் கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்றிதழ். வெளியூரிலிருந்து வந்த குழு பெட்டியைத் திறந்தது, நான் சான்றிதழைக் கேட்டேன். தேதி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சான்றிதழில் இருந்த சீரியல் எண் வேறு, கருவியின் பின்புறம் ஒட்டியிருந்த எண் வேறு. அவர்களிடம் ஒரே மாதிரி இரண்டு கருவிகள் இருக்கின்றன, ஒன்றின் சான்றிதழை எடுத்துக்கொண்டு மற்றொன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். கொண்டுவந்த கருவிக்குச் சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

"மேடம், ரீடிங் எடுத்துவிடுகிறோம், பேப்பரை அப்புறம் அனுப்பிவிடுகிறோம்" என்றார் குழுத் தலைவர். எங்கள் ஆட்களிலேயே சிலர் அதற்குத் தலையாட்டினார்கள், அவ்வளவு தூரம் வந்துவிட்டார்களே என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றே திருப்பி அனுப்பினேன். அதற்காக மேலிடத்தில் பேச்சும் வாங்கினேன். ஆனால் இந்த வேலையில் நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் கையில் இல்லையென்றால் நாம் அங்கே இருப்பதில் அர்த்தமே இல்லை. வேலைக்குச் சேரும்போதே அந்த அதிகாரத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கொடுத்தால் முதல் நெருக்கடியிலேயே போய்விடும். இன்னொன்று: குழு ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே சான்றிதழையும் கருவியின் பின்புறத்தையும் ஒரே புகைப்படத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தனித்தனியாக அனுப்பினால் ஏற்காதீர்கள்.

சரியான கருவியோடு அவர்கள் மறுபடி வந்தபோது வெளியேற்றும் பக்கத்து ஃபில்டர் ஒன்று தேறவில்லை. ஓரத்தில் கசிவு. ஃபில்டரையே மாற்ற வேண்டும், புதியது வர எட்டு முதல் பத்து வாரம் ஆகும், விலை இவ்வளவு என்று உடனே விலைப்புள்ளி கொடுத்துவிட்டார்கள். எட்டு வாரம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பறவைக் காய்ச்சல் பெரும்பாலும் வலசைப் பறவைகளோடு குளிர்காலத்தில்தான் வருகிறது. நாட்டில் முதன்முதலாக மகாராஷ்டிராவின் நவாபூரில் வந்தது 2006 பிப்ரவரியில், ஆலப்புழை வாத்துகளில் வந்தது 2014 நவம்பரில். அக்டோபருக்குள் கதவு திறக்காவிட்டால் மாதிரிகளை எடுத்துக்கொண்டு யாரோ வேறு மாநிலத்துக்கு ஓட வேண்டும்.

எங்கள் ஏசி மெக்கானிக் ஒரு பெரியவர், நாங்கள் எல்லோரும் சாச்சா என்று கூப்பிடுவோம். பிஎச்டி யாரும் பார்க்காததை அவர் பார்த்தார். கசிவு ஃபில்டர் தாளில் இல்லை, நாலு மூலையில் ஒரே மூலையில் மட்டும்தான் வருகிறது, அப்படியென்றால் ஃபில்டர் கெட்டுப்போகவில்லை, சட்டத்தில் சரியாக உட்காரவில்லை என்றார். சுத்திகரிப்பு முடிந்து ஃபில்டர் உட்காரும் பெட்டி திறந்துதான் இருந்தது. கிளாம்ப்களைத் தளர்த்தி, ஃபில்டரை ஒரு நூல் நகர்த்தி உட்காரவைத்து, எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி ஒரே அளவு இறுக்கினார். மறுபடி புகை விட்டு அந்த மூலையில் முனையை வைத்தோம். கசிவு இல்லை. மொத்த ஃபில்டரையும் திரும்ப ஓட்டினோம், தேறிவிட்டது. புது ஃபில்டர் செலவும் எட்டு வாரமும் மிச்சம். சோதனைக் குழு வரும்போது உங்கள் மெக்கானிக்கைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், டீ வாங்கி வர அனுப்பிவிடாதீர்கள். விற்பவர்களே சோதிப்பவர்களாகவும் இருந்தால் அவர்கள் சொல்லும் முதல் தீர்வை ஏற்பதற்கு முன்னால் கசிவு எங்கே என்று படம் வரைந்து வாங்குங்கள்.

இப்போது காஸ்கெட். என் வயிறு இன்னும் எரிவது இதற்காகத்தான்.

விலங்கு அறையிலிருந்து வெளியே வரும் பொருள் எல்லாம் இரட்டைக் கதவு ஆட்டோக்ளேவ் (அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் கலம்) வழியாகத்தான் வரும். செத்த கோழிகளும் அதில்தான். அதன் கதவு காஸ்கெட், அதாவது கதவு இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையம், தேய்ந்துவிட்டது. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டுப் பார்க்கும் வெற்றிடக் கசிவுச் சோதனையில் நிமிடத்துக்கு 1.3 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் ஏறக்கூடாது. எங்களுடையது அதைத் தாண்டியது. தாண்டினால் என்ன என்று கொள்முதல் பிரிவில் என்னைக் கேட்டார்கள், அதனால் இங்கேயும் சொல்கிறேன். கசிவு வழியே உள்ளே வரும் காற்று பொதிக்குள் தங்கிவிடும், அந்த இடத்துக்கு நீராவி போய்ச் சேராது. திரையில் 121 டிகிரி என்று காட்டும், கோழியின் வயிற்றுக்குள் அந்தச் சூடு இருக்காது. அதனால்தான் நாங்கள் ஸ்போர் பட்டையைப் பைக்கு மேலே வைக்காமல் உடலுக்குள்ளேயே வைத்துச் சோதிக்கிறோம்.

ஒரு சிலிக்கோன் வளையம், விலை சில ஆயிரம். கோப்பு போனது. காஸ்கெட் என்பது நுகர்பொருளா உதிரிபாகமா, எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று திரும்பி வந்தது. உதிரிபாகம் என்று எழுதி அனுப்பினேன், ஜெம் தளத்தில் (அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் இணையச் சந்தை) தேடினீர்களா என்று வந்தது. தேடினேன், கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்பதற்கான சான்றை எடுத்து வைத்தேன். அப்புறம் மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளி கேட்டார்கள். அந்த ஆட்டோக்ளேவுக்கு அந்தக் காஸ்கெட்டைத் தயாரிப்பது ஒரே நிறுவனம், மற்ற இரண்டு விலைப்புள்ளிக்கு எங்கே போவது? அந்தப் பிரிவின் உதவியாளர் என்னைப் பார்க்காமலே, "ரப்பர்தானே மேடம், மார்க்கெட்டில் பிரஷர் குக்கருக்கு விற்கிறார்கள்" என்றார். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

அன்று நான் அவர் முன்னால் உட்கார்ந்து பிர்பிரைட் கதையைச் சொன்னேன். 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சர்ரே பகுதிப் பண்ணையில் கோமாரி நோய் வந்தது. வைரஸ் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சில மைல் தூரத்தில் இருந்த பிர்பிரைட் ஆய்வக வளாகம். 1967-இல் பிரித்தெடுத்த பழைய வைரஸ் வகை, ஆய்வகங்களில் மட்டுமே இருந்தது. யாரும் சோதனைக்குழாயைக் கீழே போடவில்லை. கழிவுநீர்க் குழாய் பழசாகி விரிசல் விட்டிருந்தது, மேன்ஹோல் மூடிகள் சரியாக மூடவில்லை, அந்த வருட மழையில் கழிவுநீர் மண்ணில் கலந்தது, கட்டுமான வேலைக்கு வந்த வண்டிகளின் சக்கரத்தில் அந்த மண் வெளியே போனது என்பதுதான் பெரும்பாலும் நடந்திருக்கும் என்று விசாரணை சொன்ன வழி. குழாய் மோசமாக இருப்பது முன்பே தெரியும். செலவு யாருடையது என்பதில் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. இந்தக் கடைசி வரியைச் சொன்னபோதுதான் அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

ஆனாலும் கோப்பு நகர்ந்தது கதையால் அல்ல, விதியால். ஜிஎஃப்ஆர் 2017 என்ற மத்திய அரசின் பொது நிதி விதிகளில் 166-ஆம் விதி, ஒரே தயாரிப்பாளரிடம்தான் கிடைக்கும் என்றால் அதற்கென்று ஒரு சான்றிதழ் வைத்து ஒரே விலைப்புள்ளியில் வாங்க அனுமதிக்கிறது. கணக்குப் பிரிவில் ஓய்வுபெறப் போகும் ஓர் அம்மா இதைக் காதோடு சொன்னார். மறுநாளே சான்றிதழை எழுதி, எங்கள் பயோசேஃப்டி குழுத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி வைத்தேன். குறிப்பில் பழுது என்று எழுதாமல் இப்படி எழுதினேன்: "இந்தப் பாகம் இல்லாமல் ஆய்வகத்தைத் திறக்க அனுமதிக்க இயலாது, தாமதத்தால் நோய் மாதிரிப் பரிசோதனை நிற்கும்." நின்றால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அந்த வரியிலேயே இருக்கிறது. கையெழுத்துகள் மளமளவென்று விழுந்தன. வேண்டுமென்றால் இந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வெட்டிப் பயணம். அறிக்கை முழுவதையும் அச்செடுத்து எங்கள் தாய் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். இரவு ரயிலில் போனேன். வாங்கிப் பார்த்தவர், பயோசேஃப்டி குழுக் கூட்டக் குறிப்பில் வெளி உறுப்பினர் கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஒவ்வொரு பக்கத்திலும் வேண்டும் என்றார். அனுப்பிய சுற்றறிக்கையில் அப்படி ஒரு வரியும் இல்லை, அதைக் காட்டினேன், "வழக்கம் அதுதான்" என்று கோப்பைத் தள்ளிவிட்டார். மின்னஞ்சலில் வாங்கித் தருகிறேன் என்றாலும் மசியவில்லை. அன்றைக்கே அடுத்த ரயில். கூட்டம் முடிந்த அந்த அறையிலேயே, டீ ஆறுவதற்கு முன்னால், எல்லாப் பக்கத்திலும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வெளி உறுப்பினர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால் அவரைப் பிடிப்பது மிகவும் கஷ்டம்.

வேலைக்கு வர யோசிக்கும் பெண்களுக்குத் தனியாக ஒன்று. உள்ளே போகும்போது உடம்பில் எந்த நகையும் இருக்கக்கூடாது, தாலி, மெட்டி உட்பட. வெளியே வரும் ஒவ்வொரு முறையும் தலைக்குக் குளிக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்த ஒரு பெண் இதை வீட்டில் சொல்ல முடியாமல் தவித்து, நல்ல திறமைசாலி, கடைசியில் வேலையையே விட்டுவிட்டாள். நேர்காணலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நான் இப்போது விதியாக வைத்திருக்கிறேன். அதேபோல வீட்டில் கோழி, கிளி எதுவும் வளர்க்கக் கூடாது. உள்ளே வேலை செய்துவிட்டுக் குறிப்பிட்ட நாட்களுக்குப் பண்ணைப் பக்கம் போகக் கூடாது. என் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் நாமக்கல்லில் முட்டைப் பண்ணை வைத்திருக்கிறார்கள், விடுமுறைக்குப் போனால் பண்ணை வீட்டு விசேஷத்துக்கு வரவில்லை என்று வருத்தப்படுவார்கள். சித்தப்பாவிடம் மட்டும் ஒருநாள் உட்கார்ந்து விளக்கினேன், இப்போது அவரே மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறார்.

இந்த முறை காஸ்கெட் இரண்டாக வாங்கி, ஒன்றை உறையோடு ஸ்டோரில் வைத்தாயிற்று. காஸ்கெட், ஃபில்டர் சட்டத்தின் சீல், கதவு சீல், ஸ்போர் பட்டைகள் இவற்றுக்கெல்லாம் அடுத்த வருடத் தேவையை ஒரே கோப்பாகப் போட்டு, 166-ஆம் விதிச் சான்றிதழோடு இப்போதே கொள்முதலுக்கு அனுப்பிவிட்டேன். நிதியாண்டு தொடங்கியதும் ஏப்ரலில் ஆர்டர் போனால், கோடையில் நிறுத்துவதற்குள் பொருள் கையில் இருக்கும்.