எஃப் டிவிஷனில் யாருமே குலை வெட்டவில்லையா?

போன மாதம் 3ஆம் தேதி, காலை ஏழு மணிக்கு, எங்கள் மலேசியச் செம்பனைத் தோட்டத்தின் எஃப் டிவிஷனில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "பாப்பா, நாங்கள் மாதம் முழுக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமா?" என்றார். நான் அனுப்பிய மாத அறிக்கையை மேனேஜர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டிலேயே எல்லோர் முன்னாலும் வாசித்திருக்கிறார். ஏ டிவிஷன் நாளுக்குச் சராசரி 21.6 டன். பி டிவிஷன் 18.9. இப்படியே இறங்கி வந்து, கடைசி வரியில் எஃப் டிவிஷன்: 0.

அந்த 0 என்னுடையது. வெட்டியவர்கள் ஒழுங்காகத்தான் வெட்டினார்கள்.

அப்பா இங்கே பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். வருகையும் சம்பளமும் பதியும் செக்ரோல் புத்தகங்களுக்கு நடுவில் வளர்ந்த எனக்குத் தோட்டங்களின் மகசூல் கணக்கைக் கணினியில் தொகுத்துக் கொடுப்பதே வேலையாக அமைந்துவிட்டது. அதற்கு ஆர் (R) மொழியைப் பயன்படுத்துகிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு பேர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய புள்ளியியல் மொழி அது. ஒற்றை எழுத்தில் பெயர் வைத்துக்கொண்ட மொழியிடமே ஒற்றை எழுத்துப் பெயரால் மாட்டிக்கொண்டேன்.

ஒவ்வொரு டிவிஷனிலிருந்தும் ஒரு கோப்பு வரும். கோப்புறையில் கிடப்பதை எல்லாம் என் நிரல் வாசித்து, உள்ளே இருக்கும் எண்களை ஒரு பொருளாக, அதாவது பெயரிட்ட பெட்டி போல வைத்து, கோப்பின் பெயரையே அதற்கும் சூட்டிவிடும். அதைச் செய்வது அசைன் (assign) என்ற கட்டளை. பிறகு ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளையும் வரிசையாக எடுத்துச் சராசரி கணக்கிட வேண்டும். ஆரம்பத்தில் எழுத்தை அப்படியே மீன் (mean) என்ற சராசரிக் கட்டளையிடம் கொடுத்துப் பார்த்தேன். ஓர் எச்சரிக்கையோடு, மதிப்பு இல்லை என்று பொருள்படும் என்ஏ (NA) என்று திருப்பிக் கொடுத்தது. அது செய்தது நியாயம்தான். மேற்கோள் குறிக்குள் இருக்கும் "பி" வெறும் எழுத்து. அதற்குள் ஒரு குலைகூடக் கிடையாது. பெயரைக் கொடுத்துப் பொருளை வாங்க கெட் (get) என்ற கட்டளை இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. சேர்த்தேன், ஓடியது. எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

பெயர் வேறு, பொருள் வேறு என்பது எங்கள் ஊரில் சொல்லித்தர வேண்டிய பாடமே இல்லை. பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப் பெயரை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். பாட்டிமார் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறார்கள், சரியான இடத்தில்தான் இறங்குகிறார்கள். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானதும் இந்த வட்டாரத்தில்தான். அந்த எஸ்டேட்டின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம்.

எஃப் டிவிஷனின் கோப்பு அந்த மாதம் வந்து சேரவில்லை. நான் கவனிக்கவில்லை. இல்லாத பொருளைக் கேட்டால் கெட் பிழை என்று கத்தி நிரலை நிறுத்தியிருக்க வேண்டாமா? நிறுத்தவில்லை. முதலில் என் பொருள்கள் இருக்கும் இடத்தில் தேடியது. அங்கே இல்லாததால், ஏற்றப்பட்டிருக்கும் தொகுப்புகளை, அதாவது ஆயத்தக் கட்டளைகளின் மூட்டைகளை, ஒவ்வொன்றாகத் துழாவி, கடைசியில் மொழியின் அடித்தளத் தொகுப்பு வரை போய்விட்டது. அங்கே எஃப் என்ற பெயரில் ஒருவர் ஏற்கெனவே குடியிருக்கிறார். ஃபால்ஸ், அதாவது 'பொய்' என்ற மதிப்பின் சுருக்கப் பெயர் அது. கணக்கில் பொய்யின் மதிப்பு 0. அதன் சராசரியும் 0. பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. கெட் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்துவிட்டது.

அன்று இரவு உட்கார்ந்து ஆறு எழுத்துகளையும் சோதித்தேன். ஏ, பி, இ ஆகியவற்றின் கோப்பு வராமல் போயிருந்தால் பொருள் இல்லை என்ற பிழையோடு நிரல் நின்றிருக்கும். சி, டி இரண்டும் புள்ளியியல் தொகுப்பில் உள்ள கட்டளைகளின் பெயர்கள். டி என்பது வகைக்கெழு காணும் கட்டளை. கட்டளைக்கு ஏது சராசரி? எச்சரிக்கையோடு என்ஏ வந்திருக்கும். ஆறில் ஐந்து என்னைக் காப்பாற்றியிருக்கும். வராமல் போனது அந்த ஒன்றுதான்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. "பிரட்டில் பெயர் கூப்பிடும்போது இதே தொல்லைதான்" என்றார். தோட்டத்தில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். கூப்பிட்ட ஆள் வந்திருக்க மாட்டார், அடுத்த லயத்துக்காரர் (லயம் என்பது தொழிலாளர் வரிசை வீடுகள்) 'வந்தாச்சு' என்று குரல் கொடுப்பார், செக்ரோலில் ஒரு நாள் சம்பளம் ஏறிவிடும். அதனால் அப்பா எந்தப் பெயரையும் தனியாகக் கூப்பிட மாட்டார். கிணற்றடி, மேட்டு லயம், கோயிலடி என்று இடத்தைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆறு டிவிஷன்களையும் ஆறு தனிப் பொருள்களாக வெளியில் அலையவிடாமல் ஒரே லிஸ்ட்டுக்குள் அடைத்து, அதற்குத் தோட்டம் என்று பெயர் வைத்துவிட்டேன். எஃப் வேண்டுமென்றால் தோட்டம்[["எஃப்"]]. அந்த வேலிக்குள் இல்லையென்றால் வெறுமை என்று பொருள்படும் நல் (NULL) கிடைக்கும், அடித்தளம் வரை போய் யாரையும் பிடித்துவராது. இதிலும் ஒரு கண் வேண்டும்: நல்லின் சராசரியைக் கேட்டால் என்ஏ என்று எச்சரிக்கும், கூட்டுத்தொகையைக் கேட்டால் சத்தமில்லாமல் 0 கொடுக்கும். அதனால் கணக்கைத் தொடங்கும் முன்பே ஆறு பெயர்களும் லிஸ்ட்டில் இருக்கின்றனவா என்று ஒரு வரியில் சரிபார்க்கிறேன். $ குறி போடுவதையும் விட்டுவிட்டேன். லிஸ்ட்டில் அது பாதிப் பெயரைக் கேட்டே முழுப் பெயரை ஊகித்துக்கொள்ளும். பெயரை ஒரு மாறியில் வைத்துக் கொடுத்தாலோ, மாறியின் பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.

கெட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பவர்கள் இன்ஹெரிட்ஸ் என்ற தெரிவுக்கு ஃபால்ஸ் கொடுக்கலாம், வெளியில் போய்த் தேடாது. தயவுசெய்து அந்த ஃபால்ஸை முழுதாக எழுதுங்கள். எஃப் என்று சுருக்கினால், உங்களிடமும் ஒரு எஃப் டிவிஷன் இருந்தால், என்னைத் திட்டாதீர்கள்.

கோப்பு வெள்ளிக்கிழமை வந்தது. எஃப் டிவிஷனுக்கு நாளுக்கு 17.2 டன். திருத்திய அறிக்கையை மேனேஜருக்கு அனுப்பிவிட்டு, மண்டோர் அண்ணனுக்கு நானே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"17 தானா? 19 வருமே. இன்னொரு தடவை பார், பாப்பா."