எட்டு நாளுக்கு முன் போட்ட ஊசி

ஹெல்மெட்டின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே, கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய இளைஞர் ஒருவர் என் பெயரையும் பந்தய எண்ணையும் சரிபார்த்துவிட்டு, "ஊக்கமருந்து சோதனைக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்காங்க சார், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று தாளை நீட்டினார். சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடத்தில் பைக்கில் எட்டுச் சுற்றுகளை முடித்து மூன்றாவதாக வந்திருந்த எனக்கு, ஆகஸ்ட் மாதத்து வெயிலில் லெதர் சூட்டுக்குள் வெந்துபோயிருந்த அந்த நேரத்தில், தண்ணீரைத் தவிர வேறெதுவும் மூளையில் ஏறவில்லை.

பதினோரு ஆண்டுகளாக பைக் பந்தயம் ஓட்டுகிறேன் என்றாலும், அதுவரை எனக்குப் பழக்கமான சோதனை காலையில் கருவிக்குள் மூச்சை ஊதிக் காட்டும் மது சோதனை ஒன்றுதான். அதில் ஓட்டுபவர், கொடி பிடிக்கும் மார்ஷல் என்ற வேறுபாட்டை நான் பார்த்ததில்லை. மஞ்சள் கொடி ஒரு நொடி தாமதமாக உயர்ந்தாலும் விழுந்து கிடப்பவன் மேல் அடுத்த வண்டி ஏறிவிடும் என்பதால், மார்ஷல்கள் வரிசையில் நின்று ஊதுவதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதுமில்லை. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 2018-இல் மதுவைத் தன் தடைப் பட்டியலிலிருந்தே நீக்கி, அதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை அந்தந்த விளையாட்டுச் சம்மேளனங்களிடம் விட்டுவிட்டது. ஆகவே ஊதுவது வேறு, இது வேறு. அந்த முகமையின் பெயரைச் சுருக்கி 'வாடா' என்று செய்தித்தாளில் அச்சிடும்போதெல்லாம் யாரோ ஒருமையில் கூப்பிடுவது போலவே எனக்குத் தோன்றும். அன்று உண்மையாகவே கூப்பிட்டுவிட்டார்கள்.

கையெழுத்திட்ட கணத்திலிருந்து அந்த இளைஞரின் பார்வையை விட்டு நான் விலகக் கூடாது. பரிசளிப்புக்குப் போகலாம், காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளலாம், உடன் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கே போனாலும் அவரும் வருவார். மேடையில் கோப்பை வாங்கியபோதும் ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மெக்கானிக் தம்பி, "என்னண்ணே, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி ஒட்டிக்கிட்டே வர்றாரு" என்று காதருகே சொன்னதற்கு நான்தான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

சோதனை அறையில் இருந்த அதிகாரி பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீர் வேண்டும். அதில் 60 'ஏ' புட்டிக்கும் 30 'பி' புட்டிக்கும் போகும். முதல் புட்டியில் ஏதாவது தென்பட்டு, அதை நான் மறுத்தால்தான் இரண்டாவதைத் திறப்பார்கள். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் உடம்பில் இருந்த நீரெல்லாம் வியர்வையாக வெளியேறியிருந்ததால், ஒரு மணி நேரம் கழிந்தும் ஒரு சொட்டு வரவில்லை. மூடி திறக்காத தண்ணீர்ப் புட்டிகள் மேசையில் இருந்தன. நானே தேர்ந்தெடுத்து நானே திறந்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டரை லிட்டர் குடித்துத் தீர்த்தேன். நான் செய்த முதல் பிழை அதுதான்.

கழிப்பறைக்குள் அதிகாரியும் வந்தார். சட்டையை மார்பு வரை தூக்கி, கால்சட்டையை முழங்கால் வரை இறக்கி, கைகள் முழங்கை வரை தெரியும்படி நிற்க வேண்டும். சிறுநீர் உடலிலிருந்து கோப்பைக்குள் விழுவதை அவர் நேராகப் பார்க்க வேண்டும். இருபது பேர் பார்க்க மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கி விழுந்தபோதுகூட எனக்கு இத்தனை கூச்சம் வந்ததில்லை. எப்படியோ 120 மில்லி சேர்ந்தது. வெளியே வந்து, எஞ்சிய சில துளிகளை அவர் ஒளிவிலகல்மானியில் விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.003 என்று காட்டியது. 150 மில்லி இருந்திருந்தால் அந்த அளவே போதும். அதற்குக் குறைவான மாதிரிக்கு 1.005 ஆவது வேண்டும். நான் குடித்துத் தீர்த்த தண்ணீர் அப்படியே வெளியே வந்திருக்கிறது. "இனிமே குடிக்காம உட்காருங்க சார்" என்றார். இன்னொரு ஒன்றேகால் மணி நேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்து, இரண்டாம் முறை 95 மில்லி கொடுத்தேன், 1.008. அதை மூன்று பெட்டிகளிலிருந்து நானே தேர்ந்த புட்டிகளில் நானே ஊற்றி, மூடியையும் நானே திருகினேன். கிளிக் கிளிக் என்ற அந்த ஓசை நின்ற பிறகு, உடைக்காமல் அந்த மூடியைத் திறக்க முடியாது. தில்லியிலுள்ள ஆய்வகத்துக்குப் போகும் படிவத்தில் என் பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி: கடந்த ஏழு நாட்களில் எடுத்துக்கொண்ட மருந்துகள், சத்து மாத்திரைகள் என்னென்ன? ஒரு பாராசிட்டமாலும் வைட்டமின் மாத்திரையும் சொன்னேன். பேனாவை மூடப்போனவரிடம், "எட்டு நாளைக்கு முன்னாடி தோள்பட்டையில ஒரு ஊசி போட்டாங்க, அது கணக்குல வராதுல்ல?" என்று பேச்சுக்காகத்தான் கேட்டேன். ஜூனில் விழுந்ததில் தோள் மூட்டு வீங்கி, கையைத் தூக்க முடியாமல் போயிருந்தது. அவர் மறுபடி பேனாவைத் திறந்து, மருந்தின் பெயர் தெரியுமா என்றார். தெரியாது. "தெரிஞ்சுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, குறிப்புகளுக்கான கட்டத்தில் அதை எழுதி, நகலை என்னிடம் கொடுத்தார்.

அன்றிரவு மருத்துவமனை ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தபோது ட்ரையாம்சினலோன் அசிட்டோனைடு என்று இருந்தது, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு வகை. 2022 ஜனவரி 1 முதல் இவ்வகை மருந்தை எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை. போட்டிக் காலம் என்பது முந்தைய நாள் இரவு 11:59-க்கே தொடங்கிவிடுகிறது. மூட்டில் போடும் இவ்வகை ஊசிகளில் பெரும்பாலானவை உடலிலிருந்து வடிய மூன்று நாள் இடைவெளி போதும் என்று வழிகாட்டி சொல்கிறது. நான் போட்டுக்கொண்டதற்குப் பத்து நாள். படிவம் கேட்பது ஏழு நாள், மருந்து கேட்பது பத்து நாள், நான் நின்றதோ எட்டில். அந்த இரவு முழுக்க இத்தாலிய மோட்டோஜிபி பந்தய வீரர் ஆன்ட்ரியா இயானோனேதான் நினைவுக்கு வந்தார். 2019-இல் மலேசியாவின் செபாங்கில் எடுத்த மாதிரியில் தசை வளர்க்கும் மருந்தான ட்ரோஸ்டனோலோன் தென்பட்டு, அசுத்தமான இறைச்சியால் வந்தது என்று அவர் வாதிட்டும், 18 மாதத் தடை மேல்முறையீட்டில் நான்கு ஆண்டுகளாக நீண்டது. அவருடைய மருந்து வேறு, என்னுடையது வேறு என்று அறிவுக்குத் தெரிந்தாலும் தூக்கம் வரவில்லை.

மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நான் பந்தயம் ஓட்டுபவன் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அப்படியொரு பட்டியல் இருப்பது தெரிந்திருக்க வேண்டியது எனக்குத்தான். விளக்கியதும் அவரே அரை நாள் ஒதுக்கி உதவினார். போட்டியில் மட்டும் தடையுள்ள மருந்தைப் போட்டி இல்லாத நாளில் சிகிச்சைக்காக எடுத்திருந்தால், சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு, அதாவது தடை மருந்தைச் சிகிச்சைக்காக எடுத்ததற்கான அனுமதி, பின்னாலும் கேட்க விதியில் இடமிருக்கிறது. 'வலி இருந்தது, ஊசி போட்டேன்' என்ற ஒற்றை வரிச் சீட்டு அதற்குப் போதாது. எம்.ஆர்.ஐ. அறிக்கை, ஊசி போட்ட தேதியும் அளவும், அதற்கு முன் ஆறு வாரம் செய்த பிசியோதெரபி பலன் தராததற்கான குறிப்பு, தடை இல்லாத வலி மாத்திரை ஏன் போதவில்லை என்ற விளக்கம் ஆகியவற்றைச் சேர்த்து, புதன்கிழமை தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமைக்கு விண்ணப்பத்தை அனுப்பினேன். அதன் பிறகு ஒவ்வொரு மின்னஞ்சல் ஒலிக்கும் நெஞ்சு ஒருமுறை நின்று ஓடியது.

கோயம்புத்தூரிலுள்ள 'கரி' மோட்டார் பந்தயத் தளத்துக்குப் பயிற்சிக்காக வேனில் பைக்கை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மாலையில் விலக்கு அனுமதித்த கடிதம் வந்தது. மருந்தின் பெயர், அளவு, ஊசி போட்ட அந்த ஒரே நாள், அவ்வளவுதான் அதில் இருந்தது. சோதனை முடிவு பற்றி எந்த அறிவிப்பும் வரவில்லை. பாதகமாக இருந்தால்தான் கடிதம் வரும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த மாதிரியைப் பத்து ஆண்டுகள் வரை வைத்திருந்து மீண்டும் ஆராயலாமாம். தோள் இப்போதும் வலிக்கிறது. அடுத்த ஊசிக்கு மருத்துவர் நாள் கேட்டபோது, சீசனின் கடைசிப் பந்தயத்துக்கு மறுநாளைக் குறித்துக் கொடுத்தேன்.