பழைய காரின் எஞ்சின்: திறந்து திருத்துவதா, வேறு பூட்டுவதா?

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய கார் ஒயில் குடிக்கத் தொடங்கினால், கராஜில் நிற்பவர்கள் முதலில் சொல்லும் யோசனை எஞ்சினை மாற்றிவிடுங்கள் என்பதுதான். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த எஞ்சின் கிடைக்கும், லொறியில் ஏற்றிவிட்டால் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்துவிடும், பூட்டியவுடன் ஓடலாம் என்று வழியும் சொல்லித் தருவார்கள். என்னுடைய 110 மொடல் டொயோட்டா கொரோலாவுக்கு அந்த நிலை வந்தபோது நான் எஞ்சினை மாற்றவில்லை, திறந்து திருத்தினேன். ஏன் அப்படி முடிவெடுத்தேன் என்பதையும், எந்த நிலைமையில் இதற்கு நேர்மாறாக முடிவெடுத்திருப்பேன் என்பதையும் இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

காரையே விற்றுவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது; திறக்கப்பட்ட பின்னும் வரி காரணமாகச் சாதாரண சம்பளக்காரருக்குப் புதிய கார் எட்டாத விலையிலேயே இருக்கிறது. புகை கக்கும் காரை விற்கப் போனால், வாங்க வருபவர் எஞ்சின் செலவு முழுவதையும் விலையில் கழித்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். ஆகவே எப்படியும் அந்தச் செலவு நம் தலையில்தான் விழும் என்றால், உடம்பு துருப்பிடிக்காத, கியர்பொக்ஸ் நன்றாக உள்ள காரை வைத்துக்கொண்டு செலவழிப்பதே மேல்.

ஆனால் செலவழிக்குமுன் நோய் என்னவென்று தெரிய வேண்டும். ஒயில் குறைகிறது என்றால் அது எரிகிறதா, வெளியே ஒழுகுகிறதா என்பதைப் பிரித்தறியாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. வால்வ் கவரின் கஸ்கட்டோ கிராங் சீலோ ஒழுகுவதற்கு எஞ்சினை இறக்கத் தேவையில்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு தடவை நீலப் புகை வந்து அடங்கிவிட்டால், வால்வ் சீல் இறுகிப்போய் இரவில் ஒயில் உள்ளே வடிகிறது என்று சந்தேகிக்கலாம்; அந்தச் சீல்களை, சிலிண்டர்கள் இருக்கும் பிளொக்கைத் தொடாமலே மாற்றலாம். அக்சிலரேற்றரை மிதிக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால், பிஸ்டனைச் சுற்றி சிலிண்டரை அடைத்துப் பிடிக்கும் பிஸ்டன் றிங் மேல் சந்தேகம் போகும். வெள்ளைப் புகை அடங்காமல் வந்து, ரேடியேற்றரில் தண்ணீரும் குறைந்து, ஒயில் மூடியின் அடியில் பால் தேநீர் நிறத்தில் பசை படிந்திருந்தால், பிளொக்கின் மேல் மூடும் ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

புகையின் நிறம் ஒரு குறிப்புத்தான், முடிவு அல்ல. எனக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கியது கொம்பிரசன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பது. ஆரையம்பதியில் எங்கள் குடும்பத்து வாகனங்களை நெடுநாளாகத் திருத்திவரும் மெக்கானிக் அண்ணன், நான் எஞ்சின் விலையை விசாரித்துக்கொண்டு போனபோது, "தம்பி, முதல்ல கொம்பிரசன் பாப்பம், பிறகு விலையக் கதைப்பம்" என்றார். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோவை, அதாவது ஏறத்தாழ 14 பிஎஸ்ஐயை, தாண்டக்கூடாது என்பது இந்த எஞ்சினுக்கு டொயோட்டா தந்துள்ள எல்லை. என் காரில் இரண்டு சிலிண்டர்களின் அழுத்தம் மற்றவற்றைவிட அந்த எல்லையையும் தாண்டிக் குறைந்திருந்தது. பிறகு அந்த இரண்டிலும் பிளக் துவாரத்தின் வழியே சிறிதளவு ஒயிலை விட்டு மறுபடி அளந்தார், அழுத்தம் உயர்ந்தது. ஒயில் விட்டதும் உயர்ந்தால் காற்று றிங் வழியாகக் கசிகிறது என்றும், உயராவிட்டால் வால்விலோ ஹெட் கஸ்கட்டிலோ குறை இருக்கிறது என்றும் கொள்ளலாம். அதிக நேரம் எடுக்காத இந்தச் சோதனையைச் செய்யாமல் எஞ்சின் மாற்றச் சொல்பவரின் யோசனையை நான் ஏற்கமாட்டேன்.

அடுத்த கேள்வி, பிளொக் திருத்தத் தாங்குமா என்பது. என் காரிலுள்ள 5ஏ எஞ்சின் 1498 சிசி கொண்டது; அதன் பிளொக் வார்ப்பிரும்பு. சிலிண்டரின் விட்டம் 78.7 மில்லிமீற்றர், தேய்ந்திருந்தால் அரை மில்லிமீற்றர் போர் அடித்து, அதாவது குடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடலாம். கல்முனையில் லேத்தில் கொடுத்து அளந்தபோது, என் அதிர்ஷ்டம், சிலிண்டர்கள் எல்லைக்குள்ளேயே இருந்தன. ஹோனிங் செய்து, அதாவது உட்சுவரை இலேசாகத் தேய்த்துச் சீராக்கி, புதிய றிங் போட்டாலே போதும் என்றார்கள். ஹெட் மட்டும் வளைந்திருந்தது. பிளொக்கோடு பொருந்தும் முகத்தில் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைவு இருக்கக்கூடாது. ஆகவே அதை முகம் அடித்துச் சமப்படுத்தினோம். திறந்த கையோடு பெயாரிங், வால்வ் சீல், ரைமிங் பெல்ட், வோட்டர் பம்ப் எல்லாவற்றையும் மாற்றினோம்.

110க்கு அடுத்து வந்த 121 கொரோலா வைத்திருப்பவர்களுக்கு இதே கணக்கு பொருந்தாது. அதிலுள்ள 1என்இசட் எஞ்சினின் பிளொக் அலுமினியம், உள்ளே மெல்லிய இரும்பு லைனர்; பழைய இரும்புப் பிளொக் போல மனம்போல் போர் அடிக்க முடியாது. அதே எஞ்சின் விட்ஸ், அக்சியோ போன்ற பல கார்களில் வந்திருப்பதால் தேடுவதும் இலகு. சிலிண்டர் உரசிப்போன 121ஐ வைத்திருந்தால் நானும் வேறு எஞ்சின்தான் தேடியிருப்பேன்.

110க்கு வேறு எஞ்சின் தேடாததற்கு முக்கிய காரணம் வயது. ஜப்பானில் 2000ஆம் ஆண்டு புதிய கொரோலா வந்து 110இன் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆகவே இன்று கடையில் கழுவிப் பளபளப்பாக வைத்திருக்கும் 5ஏ எஞ்சினுக்கும் ஏறத்தாழ என் எஞ்சினின் வயதுதான். அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது, சூடேறி நின்றதா, ஒயில் ஒழுங்காக மாற்றப்பட்டதா என்று சொல்ல எவரும் இல்லை. குறை இருந்தால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் திருப்பி அனுப்ப வேண்டும். விற்பவர் வேறு எஞ்சின் தந்தாலும் இறக்கி ஏற்றும் கூலி மறுபடியும் நம்முடையது. அளந்து பார்த்த என் பழைய எஞ்சினை, அளக்காத இன்னொரு பழைய எஞ்சினுக்காகக் கைவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை எங்கள் ஊரில் பலரும் கவனிப்பதில்லை. என் ஹெட் வளைந்ததற்குக் காரணம் ரேடியேற்றர். காரை முன்பு வைத்திருந்தவர் காலமெல்லாம் கிணற்றுத் தண்ணீரே ஊற்றியிருக்கிறார். எங்கள் கடலோரக் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறியிருக்கிறது. அந்த நீர் ரேடியேற்றர் குழாய்களில் படிந்து அடைப்பதோடு அலுமினிய ஹெட்டையும் அரிக்கும். அடைபட்ட ரேடியேற்றரை அப்படியே விட்டுவிட்டு எந்த எஞ்சினைப் பூட்டினாலும், சித்திரை வெயிலில் அதுவும் அதே வழியில் போகும். ஆகவே ரேடியேற்றர், தேர்மோஸ்ற்றற், விசிறியின் சுவிச் மூன்றையும் பார்க்காமல் செய்யும் திருத்தமும் மாற்றமும் ஒரே அளவு வீண். இப்போது கூலண்ட் தவிர வேறெதுவும் என் காரில் ஊற்றப்படுவதில்லை.

மாற்றியே ஆக வேண்டிய நிலைமைகளும் உண்டு. பிளொக் வெடித்திருந்தால், கனெக்டிங் றொட் உடைந்து பக்கச் சுவரைத் துளைத்திருந்தால், கிராங் திருத்த முடியாதபடி தேய்ந்திருந்தால் திறந்து பணம் கொட்டுவதில் பயனில்லை. 2024 நவம்பர் வெள்ளத்தைப் போன்ற ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் தண்ணீரை உறிஞ்சி நின்றிருந்தால் றொட் வளைந்திருக்கக்கூடும். அதையும் அளந்தே முடிவெடுக்க வேண்டும். டொயோட்டாவின் 2சி டீசல் எஞ்சினில் ஹெட் வெடிப்பது பழைய நோய். அங்கே ஹெட்டை மட்டும் மாற்றினால் போதுமா என்பதை முதலில் பாருங்கள்.

மாற்றுபவர்கள் பத்திரத்தையும் மறக்கக்கூடாது. பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது; புதிய இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாவிட்டால் விற்கும்போதும் காப்புறுதி கேட்கும்போதும் சிக்கல் வரும். ஆகவே எஞ்சின் வாங்கும் கடையில் எழுத்திலான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

திருத்திய பின் புகைப் பரிசோதனையில் கார் தடையின்றித் தேறியது. புதிய றிங் சிலிண்டரோடு பொருந்தும் வரை ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமலும், முறுக்கி மிதிக்காமலும் கல்லடி, கல்முனைச் சமதரை வீதியிலேயே ஓட்டினேன். முதல் ஆயிரம் கிலோமீற்றரில் ஒயிலையும் பில்டரையும் மாற்றிய பிறகுதான் செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை ஊடாகப் பதுளைக்கு ஏறும் ஏ5 வீதியில் அதைச் சோதித்தேன். முழு ஏற்றத்திலும் வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது. ஒயில் குச்சியில் மட்டம் இறங்கவில்லை.