ஹிஸ்டோகிராமில் தூணின் உயரம்

ஹிஸ்டோகிராம் என்பது தரவைப் பிரிவுகளாக்கி ஒட்டிய தூண்களாக வரையும் படம். பிரிவு இடைவெளிகள் (10–20, 20–40 போன்றவை) எல்லாம் சமமாக இருந்தால் நிகழ்வெண்ணையே, அதாவது பிரிவில் எத்தனை பேர் என்பதையே, உயரமாக வைத்து வரைந்துவிடலாம், அதில் சிக்கலே இல்லை. தேர்வில் வருவது பெரும்பாலும் சமமில்லாதவைதான். அங்கே நிகழ்வெண்ணைச் சொல்வது தூணின் பரப்பு, உயரம் இல்லை. அதனால் நிகழ்வெண்ணை இடைவெளியின் அகலத்தால் வகுத்து, வருவதை உயரமாக வைக்க வேண்டும்.

10–20இல் 12 பேர், 20–40இல் 16 பேர் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு 12 ÷ 10 = 1.2, அடுத்ததற்கு 16 ÷ 20 = 0.8, அதாவது ஆள் அதிகமுள்ள தூண்தான் குட்டையாக நிற்கும்! பார்க்க விநோதமாக இருந்தாலும் அதுதான் சரி.

சில கேள்விகளில் உயரத்தை சென்டிமீட்டரில் கேட்பார்கள், அதுதான் எனக்குப் பிடித்த வகை. 10–20 தூண் 2 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம் என்றால் பரப்பு 12, ஆக ஓர் ஆளுக்கு 1 சதுர செ.மீ.; 20–40 தூணின் அகலம் 4 செ.மீ., அதற்குப் பரப்பு 16 வேண்டும், உயரம் 4 செ.மீ. அப்புறம், வயதைத் தவிர்த்து, அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்திய அளவுகளில் 10–19, 20–29 என்று பிரிவுகளுக்கு நடுவே இடம்விட்டுக் கொடுத்திருந்தால் முதலில் 9.5–19.5, 19.5–29.5 என்று மாற்றிவிடுங்கள். அகலம் 9 இல்லை, 10.