கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பயணம்

சிட்னியில் இருக்கும் நம் ஆட்களிடம் லீவுக்கு எங்கே என்று கேட்டால் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். கோல்டு கோஸ்ட், இல்லையென்றால் போர்ட் ஸ்டீபன்ஸ், கையில் காசு இருந்தால் கெய்ர்ன்ஸ். எல்லாமே கடலோரம். நாங்களும் இத்தனை வருஷமாக அப்படித்தான். இந்தத் தடவை ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். திருவாரூர்ப் பக்கம் ஆயுசு முழுக்க நெல் போட்டவர். அவரைக் கொண்டுபோய் தீம் பார்க்கில் உட்கார வைப்பதற்கு, வயல்காடு பார்க்க உள்நாட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போகலாமே என்று என் மனைவிதான் ஆரம்பித்தாள். கேரவன் வாடகைக்கு எடுக்கலாம் என்றதும் அவள்தான். சினிமா ஷூட்டிங்கில் ஏசி போட்டு நிற்குமே, அது இல்லை. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு: கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே.

இழுப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். கனமான சாமானை எல்லாம் சக்கரத்தின் அச்சுக்கு மேலாக, தரையோடு தரையாக வைக்க வேண்டும். பின்கோடியில் ஏற்றினால் வண்டி வாலாட்ட ஆரம்பித்துவிடும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு போல முன்னால் கொக்கியில் இறங்கினால் நல்லது. எங்கள் அரிசி மூட்டை அந்தக் கணக்குப்படி சரியாக அச்சுக்கு மேல் கட்டிலடியில் இடம் பிடித்தது. உள்நாட்டு வழியாகப் போகும் நியூவெல் ஹைவேயில் பி-டபுள் என்கிற இரட்டை டிரெய்லர் லாரிகள் ராத்திரி பகலாக ஓடும். அது நம்மை முந்தும்போது காற்று முதலில் வெளிப்பக்கம் தள்ளும், தாண்டி முடித்ததும் உள்பக்கம் இழுக்கும். அப்போது பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தால் போதும். ஒரு யுஎச்எஃப் ரேடியோவும் வைத்துக்கொள்ளுங்கள். 40ஆம் சேனல் லாரிக்காரர்களுக்கு, 18 கேரவன்காரர்களுக்கு. நாற்பதில் கேரவன்காரர்களைப் பற்றி லாரிக்காரர்கள் பேசுவதைக் கேட்க நேர்ந்தால், அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாததற்குச் சந்தோஷப்படுவீர்கள்.

அப்புறம் 330. இங்கே பென்ஷன் வாங்கிக்கொண்டு கேரவனில் நாட்டைச் சுற்றும் கிழவன் கிழவிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், கிரே நோமாட் என்று பெயர். அவர்கள் வைத்திருக்கும் சட்டம் இது: ஒரு நாளில் 330 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதே, இல்லையென்றால் மூன்றரை மணிக்கு எங்கேயாவது நிறுத்திவிடு. எனக்கு 330கூட அதிகம். இருநூறு போதும் என்பது என் கட்சி. மூன்று மணிக்குப் போய் நின்றால்தான் ஊரைப் பார்க்க முடியும், அதோடு பொழுது சாயும் நேரத்தில்தான் கங்காருக்கள் ரோட்டுக்கு வரும். உள்நாட்டு ஊர்களை “தாண்டிப் போகும் வழி” என்று நினைப்பவர்கள் எல்லாம் 600 கிலோமீட்டர் ஓட்டி, இருட்டில் மோட்டலில் படுத்து, விடிகாலையில் கிளம்பிப் போனவர்கள்தான். ஊர் மேல் தப்பில்லை.

புளூ மவுன்டன்ஸைத் தாண்டி மேற்கே இறங்கினால் பாத்தர்ஸ்ட். 1815ல் வெள்ளைக்காரர்கள் உள்நாட்டில் போட்ட முதல் ஊர் அது. பெரிய கார் பந்தயம் நடக்கும் மவுன்ட் பனோரமா பாதை மற்ற நாட்களில் சாதாரணப் பொது ரோடு, வேக வரம்பு 60. காரில் ஒரு சுற்று வந்தோம், அவ்வளவுதான்.

பாத்தர்ஸ்டுக்கு மேற்கே வர வர எல்லா ஊருக்கும் ஒரே முகஜாடை தெரிய ஆரம்பிக்கும். மாடு பூட்டிய வண்டி முழுசாகத் திரும்புகிற அளவுக்கு அகலமான கடைத்தெரு. காரைப் பின்பக்கமாகச் சாய்த்து நிறுத்த வேண்டிய பார்க்கிங். நடுவே போர் நினைவுத் தூண். நாங்கள் போனது ஏப்ரல் கடைசி, போரில் இறந்தவர்களை இங்கே நினைவுகூரும் ஆன்சாக் தினம் முடிந்த கையோடு, அதனால் எல்லாத் தூணடியிலும் மலர்வளையம் வாடாமல் இருந்தது. பெயர்களைப் படித்தால் ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை, நான்கு தடவை வரும். அண்ணன் தம்பிகளாகத்தான் இருக்க வேண்டும். கில்காண்ட்ரா என்கிற ஊரிலிருந்து 1915ல் ஒரு சின்னக் கும்பல் பட்டாளத்தில் சேரக் கிளம்பி, சிட்னிக்கு 500 கிலோமீட்டர் நடந்தே போனது. வழியில் ஊருக்கு ஊர் ஆள் சேர்ந்து, போய்ச் சேரும்போது 263 பேர்.

சாப்பாடு விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பப்பில் சமையலறை எட்டு மணிக்கு மூடிவிடும். எட்டரைக்குப் போய் நின்றால் சிப்ஸ் பாக்கெட்தான். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடைத்தெருவில் ஈ ஆடாது. ஆனால் பேக்கரி மட்டும் எந்த ஊரிலும் ஏமாற்றாது. வனிலா ஸ்லைஸ் எந்த ஊரில் நன்றாக இருந்தது என்று என் மனைவி ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள், வெளியிட மாட்டாளாம்.

பார்க்ஸ் ஊருக்கு வடக்கே ஆட்டு மேய்ச்சல் நிலத்தின் நடுவில் ரேடியோ டெலஸ்கோப் நிற்கிறது. 64 மீட்டர் அகலக் கிண்ணம், 1961ல் திறந்தது. ரோட்டிலிருந்து திரும்பியதும் முதலில் ஆடுகள், அப்புறம் மரம், அப்புறம் திடீரென்று இந்த ராட்சசன். 1969ல் அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது உலகம் பார்த்த படத்தில் பெரும்பகுதி இங்கே வாங்கியதுதான். ஆம்ஸ்ட்ராங் முதல் காலடி வைத்த காட்சி மட்டும் கான்பெராவுக்குப் பக்கத்தில் இருந்த ஹனிசக்கிள் க்ரீக் நிலையம் வாங்கியது. பார்க்ஸ்காரர்களிடம் இதைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். எனக்கு இதைவிடப் பிடித்த கதை வேறு: வருஷக்கணக்காக அந்தத் தொலைநோக்கியில் அவ்வப்போது ஒரு மர்ம சமிக்ஞை வந்துகொண்டிருந்தது, எங்கிருந்து என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2015ல் கண்டுபிடித்தார்கள். மைக்ரோவேவ் அடுப்பு நிற்கும் முன்பே யாரோ அவசரமாகக் கதவைத் திறப்பதால் வருவது. பசி பொறுக்காத ஆள் எல்லா ஆபீஸிலும் இருக்கிறார்.

டப்போவில் மிருகக்காட்சிசாலை நன்றாக இருக்கிறது, குழந்தைகளோடு போகிறவர்கள் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். எனக்கு அங்கிருந்து கூனபரப்ரன் வரை போகும் ரோடுதான் முக்கியம். கூனபரப்ரனுக்கு மேலே சைடிங் ஸ்பிரிங் மலையில் இருக்கும் பெரிய தொலைநோக்கியின் குவிமாடத்தைச் சூரியன் என்று வைத்துக்கொண்டு, 3 கோடியே 80 லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில், ரோட்டோரம் கோள்களைப் பலகையில் நிறுத்தியிருக்கிறார்கள். டப்போவில் புளூட்டோ. ரொம்ப நேரத்துக்கு எதுவுமே வராது. வயல், வேலி, கோதுமை சைலோ, மறுபடி வேலி. நெப்டியூன் வந்துவிட்டதா என்று அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். பூமியும் வெள்ளியும் புதனும் கடைசியில் மலை ஏறும் சில கிலோமீட்டருக்குள்ளேயே அடுத்தடுத்து வந்துவிடும். சூரியக் குடும்பத்தில் கிட்டத்தட்ட எல்லாமே வெற்றிடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கு அன்றைக்கு முதுகுவலியாகப் புரிந்தது. அதை 110ல் பறந்து முடித்தால் ஒன்றும் விளங்காது. கேரவனோடு 90ல் போக வேண்டும்.

பக்கத்து வாரம்பங்கள் தேசியப் பூங்கா 2016ல் ஆஸ்திரேலியாவின் முதல் இருள்வானப் பூங்கா, அதாவது விளக்கு வெளிச்சம் கெடுக்காத வானம் உள்ள பூங்கா என்ற அந்தஸ்து பெற்றது. ராத்திரி வெளியே நாற்காலி போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “துருவ நட்சத்திரத்தைக் காணோமே” என்றார். தெற்குப் பாதியில் அது தெரியாது என்றேன். அப்புறம் ஓரியன் என்கிற வேடன் நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினேன், நம் ஊரில் பார்ப்பதற்குத் தலைகீழாக மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. “இவன் மட்டும் இங்கேயும் இருக்கானா” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

பில்லிகா காட்டைத் தாண்டினால் நராப்ரை, பருத்தி சீமை. அறுவடை நடந்துகொண்டிருந்தது. ரோட்டோரப் புல்லிலெல்லாம் பஞ்சு ஒட்டிக் கிடந்தது. வயலில் ஒரே ஒரு இயந்திரம், அது பறித்துக்கொண்டே போய் வயிற்றிலேயே உருட்டி, மஞ்சள் பிளாஸ்டிக்கில் சுற்றி, ஆளுயரத்துக்கு மேலான உருளையாகப் பின்னால் போட்டுவிட்டுப் போகிறது. ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல். வண்டியை நிறுத்தச் சொல்லி அப்பா வேலியோரம் நின்று பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை.

“ஆள் எங்கடா?”

“உள்ளே ஒருத்தர் இருக்கார்ப்பா, கண்ணாடிக்குப் பின்னாடி.”

“மத்தவங்க?”

மத்தவங்க இல்லை. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கீழே கிடந்த பஞ்சை எடுத்து விரலால் பிரித்து, இழை நீளம் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று என் மனைவி சொன்னதும் மனசில்லாமல் கொட்டினார்.

மோரீ வெந்நீருக்குப் பெயர் போன ஊர். ஆஸ்திரேலியாவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பரப்பின் அடியில் கிரேட் ஆர்டீசியன் பேசின் என்ற நிலத்தடி நீர்க்கிடங்கு இருக்கிறது, 17 லட்சம் சதுர கிலோமீட்டர். 1895ல் மோரீயில் பாசனத்துக்கென்று ஆழ்துளை போட்டார்கள். தண்ணீர் பம்பு இல்லாமல் தானாகப் பொங்கி வந்தது, சூடாக. ஆனால் பயிருக்கு ஆகாத தண்ணீர். பயிருக்கு ஆகாவிட்டால் என்ன, மூட்டுக்கு ஆகும் என்று குளிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மோட்டார் இல்லாமல் ஆழ்துளைத் தண்ணீர் வந்தது என்பதை அப்பா நம்பவே இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் வருஷா வருஷம் குழாய் இறக்குகிற கதை தெரிந்தவர். இங்கேயும் பல வருஷம் திறந்த வாய்க்காலில் விட்டு முக்கால்வாசியை வெயிலுக்கும் மண்ணுக்கும் கொடுத்து, அழுத்தம் குறைந்த பிறகுதான் துளைகளுக்கு மூடி போட ஆரம்பித்தார்கள் என்றேன். அதை உடனே நம்பினார்.

ஆனால் மோரீ குளத்துக்கு இன்னொரு கதை இருக்கிறது. பூர்வகுடி மக்களை இந்தக் குளத்தில் இறங்கவிடாமல் நகராட்சியே தடை வைத்திருந்தது. 1965 பிப்ரவரியில் சார்ல்ஸ் பெர்கின்ஸ் என்ற பூர்வகுடி மாணவரும் சிட்னி பல்கலைக்கழக மாணவர்களும் ஒரு பஸ் பிடித்து இந்த ஊர்களில் எல்லாம் வந்து, இங்கே பூர்வகுடிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளத்து வாசலில் நின்றார்கள். கூடிய வெள்ளைக்காரர்கள் அவர்கள் மேல் முட்டையும் தக்காளியும் எறிந்தார்கள், அடிதடி ஆனது, பத்திரிகைகளில் நாடு முழுக்கத் தெரிந்தது. 2013ல் அந்தக் குளத்தைத் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். தண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்துகொண்டுதான் இதை அப்பாவுக்குச் சொன்னேன். விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எந்தக் குளத்தில் எந்தத் தெருக்காரர் எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்பது அவர் சின்ன வயதில் கண்ணால் பார்த்தது. “அந்தப் பையன் என்ன ஆனான்?” என்று மட்டும் கேட்டார். பட்டம் வாங்கி, பின்னாளில் அரசாங்கத்தில் பூர்வகுடித் துறைக்கே செயலாளர் ஆனார் என்றேன். தலையை ஆட்டினார். நாங்கள் உட்கார்ந்திருந்த தொட்டியில் பூர்வகுடிக் குடும்பம் ஒன்றும், மூட்டுவலிக்கு வந்திருந்த ஐரோப்பியக் கிழவர்கள் நாலைந்து பேரும், நாங்களும்.

கடைசி ஊர் லைட்னிங் ரிட்ஜ், கறுப்பு ஓப்பல் என்கிற ரத்தினக்கல்லுக்கு உலகப் புகழ். ஊர் எல்லைப் பலகையில் மக்கள்தொகை என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாதாம். பழைய கார்க் கதவுகளுக்கு நிறம் அடித்து வழிகாட்டிப் பலகையாக மாட்டியிருக்கிறார்கள். பச்சைக் கதவு ஒரு சுற்று, மஞ்சள் கதவு இன்னொரு சுற்று. அந்தக் கதவுகளைப் பின்தொடர்ந்தால் தகரக் கொட்டகை, பாட்டில் சுவர் என்று அவரவர் புத்திக்குத் தோன்றியபடி கட்டிய வீடுகள். அங்கேயும் வெந்நீர்க் குளம், காசு கிடையாது, சுத்தம் செய்யும் நேரம் தவிர ராப்பகல் திறந்திருக்கும். சுரங்கக் கழிவு மேட்டில் யார் வேண்டுமானாலும் கல் பொறுக்கிப் பார்க்கச் சில இடங்களை விட்டிருக்கிறார்கள். அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் வரை அரிசியில் கல் பொறுக்குகிற நிதானத்தோடு பொறுக்கினார். நீலம் மின்னுகிற நகக்கண் அளவுத் துண்டு ஒன்று கிடைத்தது. கடைக்காரர் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

போகிறவர்களுக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் நல்ல காலம், கோடையில் 40 டிகிரியும் ஈயும் சேர்ந்து விரட்டும். கேரவன் பார்க்கில் கரண்ட் இணைப்போடு இடம் ராத்திரிக்கு 40 டாலர் சுற்றி ஆகும், சின்ன ஊர்களில் ஷோகிரவுண்ட் என்கிற விவசாயக் கண்காட்சி மைதானத்தில் அதைவிடக் குறைவு. இலவசமாகத் தங்கவிடுகிற ஊரில் பேக்கரியிலாவது, பெட்ரோல் பங்கிலாவது பத்து டாலர் செலவழித்துவிட்டு வாருங்கள், அதை எதிர்பார்த்துத்தான் விடுகிறார்கள். கக்கூஸ் பெட்டியைக் கொட்ட ஊருக்கு ஒரு இடம் உண்டு, அந்த வேலையை யார் செய்வது என்பதைக் கிளம்பும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மழை பெய்தால் தார் ரோட்டை விட்டு இறங்கவே இறங்காதீர்கள். இங்கே கரிசல் மண், சக்கரம் புதைந்தால் காய்கிற வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். அரிசி மூட்டை இருக்கிறதே, இருந்துவிட்டுப் போவோம் என்று சொன்ன ஒரே ஆள் எங்கள் அப்பா.